இடது அக்குளிலிருந்து ஒரு கணு

காலையில் வந்த குப்பிகளை வரிசையாக எடுத்து வைக்கும்போதுதான் சின்னவள் அந்தப் பெயரைப் பார்த்தாள். அறுவை அரங்கிலிருந்து வரும் மற்ற குப்பிகளைப் போலத்தான் அதுவும் இருந்தது. வெள்ளை மூடி, கண்ணைக் கரிக்கும் ஃபார்மலின், அடியில் அவரை விதை அளவுக்கு ஒரு சதைத்துண்டு. ஒட்டியிருந்த சீட்டில் பெயர், வயது, ‘இடது அக்குள், நிணநீர்க் கணு’ என்று ஒரு வரி. அபூர்வமான பெயரொன்றும் இல்லை. ஊரில் அந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒத்துப்போனது. வயது ஒத்துப்போனது. கூட வந்த தாளில் தொழில் என்ற இடத்தில் ‘சலவைக்கடை’ என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள அவளிடம் ஒன்றும் இல்லை.

அவளுக்கு அந்த ஆய்வகத்தில் வேலை, சதையைக் கண்ணாடியில் ஏற்றுவது. டாக்டரம்மா துண்டு போட்டுக் கொடுப்பதை இயந்திரம் சாராயத்தில் ஊறவைத்து ஈரத்தை உறிஞ்சி எடுக்கும். அதைச் சின்னவள் உருக்கிய மெழுகில் புதைத்துக் கட்டியாக்குவாள். கட்டியைச் சீவும் இயந்திரத்தில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினால் வெங்காயச் சருகைவிட மெல்லிசாக ஏடு ஏடாக வரும். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நாடாபோல நீளும். அதைத் தூரிகை நுனியால் தூக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் போனதும் கண்ணாடித் துண்டில் அள்ளிக்கொள்ள வேண்டும். மூச்சை வேகமாக விட்டால்கூட நாடா பறந்துவிடும். கோபம் வந்த நாளில் இந்த வேலை ஓடாது. அதனாலோ என்னவோ, அவளுக்குக் கோபமே வராது என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். ‘மெழுகு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மெழுகுன்னா உருகணுமே, நான் எங்க உருகினேன்?” என்று ஒருமுறை கேட்டாள்.

“அதான் பேர் வச்சோம். உன்னை எத்தனை சூட்டுல வச்சாலும் அப்படியேதானே இருக்க,” என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

அவர்களுக்குத் தெரியாது. அவளிடம் ஒரே ஒரு கோபம் இருந்தது. அதைப் பத்திரமாக வைத்திருந்ததால் சில்லறைக் கோபங்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

அக்காவும் மாமாவும் சலவைக்கடை வைத்திருந்த காலத்தில் நடந்தது. ஒரு வாடிக்கையாளரின் கோட்டை மாமா இஸ்திரி போட்டுத் தீய்த்துவிட்டான். வந்தவரிடம், பொண்டாட்டி கவனிக்காமல் தேய்த்துவிட்டாள் என்றான். பெரியவள் ஒன்றும் சண்டை போடவில்லை. “நான் தேய்க்கல சார், இவர்தான் தேய்ச்சார்,” என்று மட்டும் சொன்னாள். அவர் போன பிறகு, துணிக்குப் போட அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சிச் சட்டியை மாமா பிடித்துணியோடு தூக்கினான். தண்ணீராக இருந்திருந்தால் வழிந்து போயிருக்கும். கஞ்சி ஒட்டிக்கொண்டது. கழுத்து, வலது தோள், முழங்கை வரைக்கும்.

மருத்துவமனைக் கட்டிலில் போலீஸ்காரர் வந்து கேட்டபோது, “கால் வழுக்கிருச்சு, கஞ்சி கொட்டிடுச்சு,” என்றாள் பெரியவள். கட்டிலின் கால்மாட்டில் மாமா நின்றிருந்தான். அதற்கு முன்பே அவன் அவளிடம் சொல்லியிருந்தான்: “நான் உள்ள போயிட்டா, தோல் ஒட்டற ஆபரேஷனை யார் பார்ப்பா? உன் தங்கச்சியா? அவளே இன்னும் படிச்சிட்டிருக்கா.” முதல் ஆபரேஷன் முடிந்தது. அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவளாகக் கொட்டிக்கொண்டாள், அவளாகப் போய்விட்டாள் என்று ஊருக்கெல்லாம் சொன்னான். பிறகு முறைப்படி விலக்கிவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான்.

சின்னவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு அக்காவுக்கு இன்னொரு ஆபரேஷன் நடந்தது. தழும்பு இறுகிக் கழுத்தைத் திருப்ப முடியாமல் போனதால் அதை அறுத்து விட்டார்கள். அறுத்த துண்டு இவள் மேஜைக்குத்தான் வந்தது. தன் கையாலேயே மெழுகில் புதைத்து, சீவி, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். நல்ல தோல் என்றால் மேல்தோல் கீழே விரல் விரலாக இறங்கிக் கீழ்த்தோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். சுருட்டி வைத்த நூல்கண்டு போல வியர்வைச் சுரப்பி இருக்கும். முடிக்கால் சாய்ந்து நிற்கும். அதன் இடுப்பில் எண்ணெய்ப் பை. அக்காவின் துண்டில் மேல்தோல் இஸ்திரி போட்டதுபோலத் தட்டையாகக் கிடந்தது. கீழே நார்கள் சீப்பால் வாரியதுபோல ஒரே பக்கமாகப் போயின. ஒரு வியர்வைச் சுரப்பியாவது தப்பியிருக்காதா என்று மூலை முடுக்கெல்லாம் தேடினாள். இல்லை. அன்றைக்கு வேலை முடிகிற வரைக்கும் அந்தக் கண்ணாடியை அவள் கீழே வைக்கவில்லை.

வெயில் காலத்தில் அக்காவுக்கு அந்தப் பக்கம் வேர்க்காது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். தோளில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு, காயக்காய நனைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான் தைப்பாள். அடுப்புப் பக்கம் போகமாட்டாள்.

இப்போது அவனுடைய கணு வந்திருக்கிறது. தாளில் இருந்த விவரம் இதுதான்: இடது கட்டைவிரல் நகத்துக்கு அடியில் கறுப்பாக வளர்ந்தது புற்று என்று வேறிடத்தில் தெரிந்து, விரலை எடுத்திருக்கிறார்கள். கையிலிருந்து போகிற நிணநீர் அக்குளில் இருக்கும் கணுவுக்குத்தான் முதலில் போய்ச் சேரும். அங்கே பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பரவவில்லை என்றால் விரலோடு போயிற்று. பரவியிருந்தால் மேலும் அறுவை, மருந்து, அலைச்சல்.

கணுவை மெழுகில் புதைத்து, கட்டியைச் சீவ உட்கார்ந்தாள். ஆழம் மாற்றி மாற்றிப் பல இடத்தில் ஏடு எடுத்தாள். சாயம் போட்டு முடித்ததும், சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொன்றாக வைத்தாள். அது அவள் வேலை. நோய் என்னவென்று சொல்வது டாக்டரம்மா வேலை. கணுவைச் சுற்றி மெல்லிய உறை, உறைக்குக் கீழே நிணநீர் ஓடும் இடுக்கு, அதற்கும் உள்ளே நீல மணிகளைக் கொட்டியதுபோல நெருக்கமாக வெள்ளணுக்கள். அங்கங்கே அவை வட்டம் கூடி, வட்டத்தின் நடு மட்டும் வெளுத்திருந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசிக் கண்ணாடியில்தான் உறைக்குக் கீழே ஓரமாக ஒரு கூட்டம் தெரிந்தது. பெரிய பெரிய செல்கள், சொந்த பந்தம் இல்லாத முகங்கள். சிலவற்றின் மேல் பழுப்புப் பொடி.

சுற்றிலும் பார்த்தாள். டாக்டரம்மா கூட்டத்தில் இருந்தார். கட்டியையும் அந்தக் கண்ணாடியையும் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். வீடு மருத்துவமனைக்குப் பின் தெருவில்தான்.

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, சாப்பாட்டு டப்பா எடுத்துட்டுத்தானே போன?”

“பசிக்கல.” கட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“இது என்ன, சோப்பா?”

“மாமா.”

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “செத்துட்டானா?”

“இல்ல. கட்டைவிரல்ல புத்து. விரலை எடுத்துட்டாங்க. அக்குள்ல பரவியிருக்கான்னு பார்க்க இதை அனுப்பியிருக்காங்க.”

“எந்தக் கை?”

“இடது.”

“தப்பான கை,” என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் தைத்தாள். “பரவியிருக்கா?”

“அப்படித்தான் தோணுது. டாக்டரம்மா இன்னும் பார்க்கல. நான் மட்டும்தான் பார்த்தேன். ஒரே ஒரு இடத்துல, எள்ளு முனை அளவு.”

“சரி. அதை ஏன் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்த?”

சின்னவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “சக்கரத்தை இன்னும் கொஞ்சம் சுத்தினேன்னா அந்த இடம் சீவிப் போயிடும். இயந்திரத்துக்குக் கீழ குப்பையோட குப்பையா விழுந்துரும். இந்தக் கண்ணாடியை உடைச்சுப் போட்டுட்டா மீதி எல்லாம் சுத்தம். எப்படின்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

“அப்புறம்?”

“ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட் போகும். சந்தோஷமா வீட்டுக்குப் போவான். அது பாட்டுக்கு உள்ள போயிட்டே இருக்கும். தெரிய வரும்போது கைமீறிப் போயிருக்கும்.”

“எத்தனை நாளாகும்?”

“சொல்ல முடியாது. ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ.”

அக்கா தோளில் இருந்த துணியை எடுத்துத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டாள். “அந்த ரெண்டு வருஷமும் நல்லாத் தூங்குவானா?”

“தூங்குவான்.”

“நல்லாச் சாப்பிடுவானா?”

“ஏன், சாப்பிடுவான்.”

“அப்ப நீ அவனுக்குக் குடுக்கறது தண்டனையா, லீவா?”

சின்னவள் மேஜையிலிருந்த கட்டியைத் திருப்பி வைத்தாள்.

“நான் கேக்கறேன்ல, சொல்லு. அவன் அன்னிக்குக் கடையைப் பூட்டிட்டுப் போய் என்ன பண்ணான்னு நினைக்கிற? சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். மறுநாளும் தூங்கியிருப்பான். நான் பக்கம் மாறிப் படுக்க முடியாம எத்தனை வருஷம் விட்டத்தைப் பார்த்துட்டுக் கிடந்தேன். இப்பத்தான் அவன் முழிச்சிட்டுக் கிடக்க ஒரு வழி வந்திருக்கு. அதையும் நீ சீவி எறியறேங்கற. உன்னைவிட நல்லவ அவனுக்கு யாரு கிடைப்பா?”

“தெரிஞ்சா வைத்தியம் பார்த்துப் பிழைச்சுக்குவான், அக்கா.”

“பிழைக்கட்டும். செத்துட்டா நான் யாரைத் திட்டறது?” என்றாள். “அவனுக்குத் தெரியணும்டி. தெரிஞ்சு கிடக்கணும். போ, போய் உன் வேலையை ஒழுங்காச் செய். டாக்டரம்மா கண்ணுக்குப் பளிச்சுனு தெரியற மாதிரி எடுத்துக் குடு. இந்தக் கருமத்தை இனிமே வீட்டுக்குள்ள கொண்டு வராத. முட்டை அவிச்சு வச்சிருக்கேன். சோத்தைப் போட்டுச் சாப்பிட்டுட்டுப் போ.”

சாப்பிட்டாள். சாப்பிட முடிந்ததுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

திரும்பிப் போய் அதே கட்டியில் இன்னும் இரண்டு ஏடு எடுத்தாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஏடு விழுந்ததில்லை. ஒரு கீறல் இல்லை, ஒரு மடிப்பு இல்லை. டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியை நகர்த்தினார், திரும்ப வந்தார்.

“மெழுகு, இங்க வா. இந்த ஓரத்தைப் பார்த்தியா?”

“பார்த்தேன் டாக்டர்.”

“பழுப்புப் பொடி இருக்குன்னு அவசரப்பட்டு எழுதிடக் கூடாது. குப்பை பொறுக்கற செல்லுங்க சில சமயம் தோல்லேருந்து அந்தப் பொடியைத் தின்னுட்டு வந்து கணுவுல உட்கார்ந்திருக்கும். பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். சிறப்புச் சாயம் போட்டுக் குடு. அதுல ஏறினா அதுதான்.”

சிறப்புச் சாயத்துக்கு நேரம் பிடித்தது. அத்தனை நேரமும் சின்னவள் அது ஏறவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷன் உடம்பில் புற்று இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு சொட்டுச் சொட்டாகச் சாயம் விடுகிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றிவிட்டுப் போயிற்று. ஏறிற்று. செங்கல் நிறத்தில், ஓரமாக, சின்னதாக, சந்தேகமே இல்லாமல். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை வாங்க அவனே வந்தான். அறிக்கை கொடுக்கும் ஜன்னலில் அன்றைக்குச் சின்னவள்தான் இருந்தாள். வெளியே இடது கையில் கட்டோடு அவன், கூட ஒரு பெண். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல என்ன போட்டிருக்கு?” என்று கேட்டபடி நிமிர்ந்தவன் அப்படியே நின்றான். முகக்கவசத்துக்கு மேல் தெரிந்த கண்களை அடையாளம் கண்டுகொண்டான்.

“பாப்பா, நீயா? இங்கயா இருக்க?”

கல்யாணமான புதிதில் அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். மிட்டாய் வாங்கி வருவான். அந்தக் குரல் மாறவே இல்லை.

“டாக்டர் விளக்கமா சொல்வாங்க,” என்றாள்.

“இதை யார் பார்த்தது? நீயா?”

“அறுத்தது நான். பார்த்தது டாக்டர்.”

‘அறுத்தது நான்’ என்று சொல்லும்போது நாக்கு இனித்தது. அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தாள். மறு நிமிடம் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டரம்மா அறைக்குள் போய்விட்டான். பின்னாலேயே அந்தப் பெண்ணும். சின்னவளையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

“இந்தப் பொம்பளை கை வச்ச ரிப்போர்ட்டை நான் ஒத்துக்க மாட்டேன்,” என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். “வேற எவனோட சதையையோ மாத்தி வச்சிருக்கா. எனக்குத் தெரியும்.”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “அவங்க எதுக்கு மாத்தணும்?”

“அவளுக்கு என் மேல வஞ்சம்.”

“என்ன வஞ்சம்?”

“அது குடும்ப விஷயம்.”

“குடும்ப விஷயம் எனக்கு வேண்டாம். ஆனா இதுல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். என் ஆய்வகத்துல இருக்கறவங்க ஒரு நோயாளியோட உசுரோட விளையாடறாங்கன்னு நீங்க சொல்றீங்க. சும்மா மனஸ்தாபத்துக்கெல்லாம் யாரும் அந்த அளவுக்குப் போக மாட்டாங்க. அப்படி என்ன நடந்துச்சு?”

கூட வந்த பெண் அவன் சட்டைக் கையைத் தொட்டாள். “என்னங்க, இவங்க யாரு?”

“முதல்ல கட்டினவளோட தங்கச்சி.”

“அந்தக் கஞ்சியைக் கொட்டிக்கிட்டவங்களா?” அவள் சின்னவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கேட்டதில் சூது ஒன்றும் இல்லை, புரியாமல்தான் கேட்டாள். “அவங்க தானா வழுக்கி விழுந்ததுக்கு இவங்களுக்கு எதுக்குங்க உங்க மேல வஞ்சம்?”

அவன் டாக்டரம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், கையிலிருந்த தாளைப் பார்த்தான். வஞ்சம் இல்லை என்றால் தாள் உண்மை. தாள் பொய் என்றால் வஞ்சத்துக்குக் காரணம் சொல்லவேண்டும். அவன் மனம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சின்னவளால் பார்க்க முடிந்தது. அவள் உதவிக்குப் போகவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை வருடமும் அந்தக் கோபத்தைக் கெடாமல் வைத்திருந்தோம் என்று தோன்றியது.

“அவ வழுக்கி விழல,” என்றான் கடைசியில். “நான்தான் ஊத்தினேன். போதுமா? அதுக்குத்தான் இவ பழி வாங்கறா. இப்பவாவது நம்புங்க. வேற யார்கிட்டயாவது பார்க்கச் சொல்லுங்க, டாக்டர். எனக்கு இது இருக்காது. இருக்கவே இருக்காது.”

அந்தப் பெண் அவன் சட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சின்னவளைப் பார்த்தார். “உண்மையா?”

“உண்மைதான் டாக்டர். அக்காவோட தழும்பு இங்கதான் வந்துச்சு. நீங்கதான் பார்த்தீங்க.”

டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். “கட்டி, கண்ணாடி எல்லாம் தர்றேன். உங்களுக்கு எங்க நம்பிக்கையோ அங்க கொண்டுபோய்க் காட்டுங்க. ஆனா சீக்கிரம் காட்டுங்க. சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சிருக்கு. தள்ளிப் போட்டீங்கன்னா நஷ்டம் உங்களுக்குத்தான்.” அவன் போன பிறகு சின்னவளிடம், “பேரைப் பார்த்ததுமே நீ என்கிட்ட சொல்லியிருக்கணும்,” என்றார்.

“சொல்லியிருக்கணும் டாக்டர்.”

“சொல்லியிருந்தா வேற ஆளை வச்சு அறுத்திருப்பேன். அவன் இப்படி வாயை விட்டிருக்க மாட்டான்.” அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்கக்காவுக்குத் தேவைப்பட்டா நான் கேட்டதைக் கேட்டேன்னு சொல்லுவேன். எங்க வேணா.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா தையலை மடியில் வைத்துவிட்டாள். “முதல்லேருந்து சொல்லு,” என்றாள். சொல்லி முடித்ததும், “யார் யாரெல்லாம் இருந்தாங்க?” என்றாள். அதையும் சொன்னாள்.

“கொட்டிட்டேன்னு சொன்னானா, ஊத்தினேன்னு சொன்னானா?”

“ஊத்தினேன்னு.”

“நான்தான்னு சொன்னானா?”

“நான்தான் ஊத்தினேன்னு சொன்னான்.”

அக்கா அழுவாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அவள் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “இன்னொரு தடவை சொல்லு,” என்றாள்.

அவன் எடுத்துப்போன கண்ணாடிகளை வேறோர் ஆய்வகத்திலும் பார்த்தார்கள். அதே பதில்தான் வந்தது. அந்தச் செய்தியைச் சொல்லத்தான் அவனுடைய மனைவி ஒரு மத்தியானம் வீடு தேடி வந்தாள். வாசலில் வெயிலில் நின்றவளைச் சின்னவள் உள்ளே கூப்பிட யோசித்தாள். “வரட்டும் விடு,” என்றது அக்காவின் குரல்.

உட்காராமல் நின்றபடியே சொன்னாள். அக்குளில் மிச்சம் இருக்கிற கணுக்களையும் எடுக்கவேண்டுமாம். எடுத்தபிறகு கை வீங்கிக்கொண்டே இருக்குமாம். மருந்து ஏற்ற வேண்டுமாம். அவன் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, எந்நேரமும் அக்குளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அக்கா ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பசித்தவள் சாப்பிடுவதுபோல இருந்தது அவள் கேட்ட விதம்.

“நான் பார்க்கலாமாக்கா?” என்றாள் அந்தப் பெண்.

அக்கா ஈரத்துணியை எடுத்தாள். அவள் கிட்டே வந்து பார்த்தாள். தொடவில்லை.

“அதே அடுப்புலதான் நானும் கஞ்சி காய்ச்சறேன்,” என்றாள். “என்கிட்ட ரெண்டு தடவை சட்டியைத் தூக்கிக் காட்டியிருக்கார். விளையாட்டுன்னு நினைச்சேன்.” கொஞ்சம் பொறுத்து, “எங்கம்மா வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன்,” என்றாள்.

“போ. ஆனா இப்பப் போகாத. நாங்க பார்த்துக்கறோம், சட்டியைத் தூக்கற மாதிரி இருந்தா நேரா இங்க வா. அவன் ஆபரேஷன் முடியட்டும். வேளாவேளைக்கு மருந்து குடு. டாக்டர் சொன்ன நாள்ல கூட்டிட்டுப் போ. சாப்பிட மாட்டேன்னா ஊட்டியாவது விடு. அவன் பிழைக்கணும்.”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “இத்தனைக்கு அப்புறமும் இப்படிச் சொல்றீங்களே அக்கா. உங்க மனசு யாருக்கு வரும்?”

“என் மனசா?” என்றாள் அக்கா. “நான் நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். டாக்டரம்மா சாட்சி சொல்றேன்னிருக்காங்க. கேசு லேசுல முடியாது, வருஷக்கணக்கா இழுக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் வீங்கின கையைத் தூக்கிட்டு வந்து, கூண்டுல நின்னு, எல்லார் முன்னாலயும் அதைச் சொல்லணும். அதுக்கு அவனுக்கு உடம்புல தெம்பு வேணும்ல?”

அந்தப் பெண் வெகுநேரம் அக்காவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“என்னையும் சேர்த்துக்குங்க,” என்றாள். “நானும் கேட்டேன்ல.”